அப்பா பார்த்திராத கடல்

இராவணன் வெட்டுக்குப் போகும் வழியை அப்பா ஒரு பூக்காரியிடம் கேட்டார்.

மெதுவாகத்தான் கேட்டார். அம்மாவும் அக்காவும் திருகோணமலைக் கோட்டைச் சரிவில் ஒரு மர நிழலில் பின்தங்கி நின்றிருந்தார்கள். நான் மட்டும் அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்திருந்தேன். அந்தப் பெண் தாமரை மொட்டுகளின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். கோயிலைச் சுற்றி அந்தப் பக்கம் போங்கோ, ஆட்கள் நிற்கிற இடம்தான் என்று கையைக் காட்டினாள். பிறகு அப்பாவை நிமிர்ந்து பார்த்து, "முதல் தரமா வாறீங்கள்?" என்று கேட்டாள்.

அப்பா என்னைக் குனிந்து பார்த்தார். நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பது அவருக்குத் தெரியும்.

"ஆமாங்க" என்றார்.

எனக்கு அப்போது பத்து வயது. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கடலைப் பார்த்த ஆள் என்று பெயரெடுத்தவர் என் அப்பா. கடலுக்கு மேலே பாறை பிளந்து நிற்கும் இராவணன் வெட்டின் விளிம்பில் நின்ற கதையை எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து சொல்லி வந்தவர். அவர்தான் அந்தச் சித்திரைச் சாயங்காலத்தில் ஒரு பூக்காரியிடம் வழி கேட்டார், முதல் தடவை என்று ஒப்புக்கொண்டார்.

இந்தத் தொடரில் அப்பாவைப் பற்றி எழுதும்போதெல்லாம், "உங்கள் அப்பா பெரிய கதைக்காரர் போலிருக்கிறதே" என்று யாராவது கடிதம் போடுகிறார்கள். கதைக்காரர்தான். அந்தக் கதைகளில் ஒன்று என் அக்காவின் உயிர்வரைக்கும் வந்து நின்றதை இந்த வாரம் சொல்லிவிடுகிறேன்.

ஈர்க்குச்சி முத்தையா

அப்பாவின் பெயர் முத்தையா. ராகலைக்கு மேலே எங்கள் தோட்டத்தில் ஸ்டோரில் வேலை. தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். கொழுந்து வாட்டும் மாடியில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருவார். அவர் உள்ளே நுழைந்தால் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவே பச்சைக் கொழுந்து வாசம் அடிக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் லயத்து வரிசை வீடுகளின் முன்னால், எங்கள் வாசலில் அவரைச் சுற்றி ஆள் சேரும். பத்தொன்பது வயதில் திருகோணமலைக்குப் போய் வெள்ளைக்காரனின் கப்பல் துறையில் மூட்டை தூக்கினாராம். ஒன்றரை வருடம். சாயங்காலமானால் இராவணன் வெட்டில் போய் நிற்பாராம்.

"விளிம்புல நின்னு கீழ பாத்தா வயிறு எழும்பி தொண்டைக்கு வந்துரும். தண்ணி நீலத்தக் கரைச்சு ஊத்துன மாதிரி இருக்கும். அலை உள்ளுக்குப் போறப்ப பாறை ஒரு மூச்சு விடும், பாருங்க" என்பார். சொல்லும்போது அவரே மூச்சை இழுத்து விடுவார். கேட்கிறவர்களும் தெரியாமல் இழுத்து விடுவார்கள்.

இராவணன் எங்களுக்கு அந்நியன் அல்ல. நுவரெலியாவைத் தாண்டினால் சீதா எலியா. அங்கே மண் கறுப்பாக இருப்பதற்கு அனுமார் வைத்த தீதான் காரணம் என்று சின்னப் பிள்ளைகள்கூடச் சொல்லும். எங்கள் மலைகளில் கொஞ்சம் பெரிய குகை இருந்தால் அது இராவணனுடையது. அந்த இராவணன் மலையை விட்டு இறங்கிப் போய்க் கடல் ஓரத்தில் என்ன செய்தான் என்பதுதான் அப்பாவின் கதை.

அவனுடைய தாய் சுகமில்லாமல் படுத்துவிட்டாளாம். கோணேசரைக் கும்பிடாமல் அவளால் இருக்க முடியாது. அவளால் கோயிலுக்கு வர முடியாவிட்டால் கோயிலை அவளிடம் கொண்டுபோவோம் என்று மலையையே வாளால் வெட்டினானாம். அந்த வெட்டுத்தான் இன்றைக்கும் பாறையில் பிளந்து நிற்கிறது. மலையும் வரவில்லை, தாயும் பிழைக்கவில்லை. அவளுக்குக் காரியம் செய்யத் தோன்றியவைதான் கன்னியாவில் இருக்கும் ஏழு வெந்நீர்க் கிணறுகள்.

அதோடு நிறுத்தியிருந்தால் பாதகமில்லை. தோட்டத்தை விட்டுப் போகும்போது அப்பா ஈர்க்குச்சி மாதிரி இருந்தாராம். திரும்பி வரும்போது கன்னத்தில் சதை பிடித்திருந்ததாம். எப்படி என்று கேட்டவர்களிடம், "கன்னியா தண்ணி. ஏழு கெணத்துலயும் குளிச்சா நெஞ்சுச் சளி நிக்காது" என்று சொல்லி வைத்திருந்தார்.

கடலைப் பார்த்த மாப்பிள்ளை என்றுதான் அம்மாவைக் கொடுத்தார்கள். அம்மாவுக்கு அதில் பெருமை இருந்தது. கொழுந்து மலையில் யாராவது தங்கள் புருஷனைப் பற்றிப் பெருமை பேசினால், "எங்க வீட்டுல அவங்க கடலோரம் இருந்தவங்க" என்று ஒரு வார்த்தை போடுவாள்.

அக்காவின் இருமல்

அக்கா புஷ்பத்துக்குப் பதினாறு வயது. கொழுந்து எடுக்கப் பெயர் பதிந்து ஆறேழு மாதம் ஆகியிருந்தது. அந்த வருட மழையோடு அவளுக்கு இருமல் பிடித்தது. மழை போனது, பனி வந்து போனது, இருமல் மட்டும் போகவில்லை.

முதலில் கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்துக் கொடுத்தாள் அம்மா. பிறகு ஆடாதோடை. தோட்டத்து டிஸ்பென்சரிக்கும் ஒருநாள் கூட்டிக்கொண்டு போனாள். சிவப்புத் தண்ணீர் மருந்து கொடுத்தார்கள் என்று எங்களிடம் சொன்னாள். சாயங்காலமானால் அக்காவுக்கு உடம்பு சுடும். விடியும்போது அவள் போர்த்திய கம்பளி நனைந்திருக்கும். நான் அவளோடு படுக்கிறவள், எனக்குத் தெரியும். தலையில் கூடைக் கயிற்றை மாட்டினால் முன்பு நேராக நடப்பாள். இப்போது காற்றடித்த செடி மாதிரி சாய்ந்து நடந்தாள்.

அப்பா அவள் இருமும்போது சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டலாம் என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். அம்மா பிடி கொடுக்கவில்லை.

அம்மாவின் பயத்துக்குக் காரணம் இருந்தது. கீழ் லயத்தில் ஒரு பெண்ணுக்குச் சயரோகம், அதாவது காசநோய், என்று சில வருடத்துக்கு முன்பு ஆஸ்பத்திரி வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வேன் மலைத் திருப்பத்தைத் தாண்டுவதற்குள் அவளுடைய பாயையும் தலையணையையும் வாசலில் போட்டு எரித்தார்கள். அந்த வீட்டுக் குடத்தைப் பீலியில் வைக்க விடவில்லை. மலையிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் விழும் இடத்துக்குத்தான் பீலி என்று பெயர். முழு லயத்துக்கும் அது ஒன்றுதான். அந்தப் பெண்ணின் தங்கைக்கு நிச்சயமாகியிருந்த கல்யாணமும் நின்றது.

அதனால் அம்மா வேறு வழி பிடித்தாள். ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"சித்திரை லீவுல திருகோணமலைக்குப் போவோங்க. கன்னியாவுல மூணு நாள் குளிக்க வச்சா இவளுக்குச் சரியாப் போயிரும்."

அப்பா சாப்பிடும் கையை நிறுத்தினார். ஆஸ்பத்திரிதான் நல்லது என்று ஆரம்பித்தார்.

"நீங்க அந்தத் தண்ணியில குளிச்சுத்தானே சுகமாகி வந்தீங்க. நீங்களே சொன்னதுதானே" என்றாள் அம்மா.

அப்பா தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அவர் வெட்கப்படுகிறார் என்று நான் நினைத்தேன். இன்றைக்கு எழுத உட்காரும்போதுதான் அந்த முகத்தை என்னால் சரியாகப் படிக்க முடிகிறது.

மலையிறங்கிய நாள்

குடும்பமாக நாங்கள் போன முதல் பயணம் அது. அதற்கு முன் எனக்குத் தெரிந்த பெரிய ஊர் நுவரெலியா. அம்மா ரொட்டியும் கட்டச் சம்பலும் வாழையிலையில் கட்டினாள். வெந்நீர் குளியலுக்குப் பிறகு தலை துவட்ட என்று பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து நான்காக மடித்து வைத்தாள். புது வருடத்துக்குத் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு நான் ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

நுவரெலியாவில் ஒரு பஸ், கண்டியில் ஒரு பஸ். கண்டியைத் தாண்டியதும் மலைகள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கின. தம்புள்ளையில் காற்றே சூடாக இருந்தது. ஸ்வெட்டர்களைக் கழற்றிப் பையில் திணித்தோம். நிலம் இவ்வளவு தட்டையாக இருக்க முடியும் என்று எனக்குத் தெரியாது. பஸ் எதிலும் ஏறாமல், எதிலும் இறங்காமல், நேராகப் போய்க்கொண்டே இருந்தது எனக்குப் பயமாக இருந்தது. அக்கா என் தோளில் சாய்ந்து தூங்கினாள். அவள் தலை கனக்கவே இல்லை.

திருகோணமலையில் இறங்கியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தெருமுனையில் திரும்பினோம். கடல் இருந்தது.

அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். அப்பா பையைக் கீழே வைத்துவிட்டு நின்றார். நிறைய நேரம் நின்றார். பழைய இடத்தைப் பார்க்கிற மனுஷன், ஞாபகம் வரும்தானே என்று அம்மா எங்களிடம் சொன்னாள்.

தங்குவதற்கு ஒரு மடம் இருப்பதாக ஸ்டோரில் யாரோ சொல்லியிருந்தார்கள். அதற்கும் அப்பா வழி கேட்டார். உங்களுக்குத் தெரியாதா என்றாள் அம்மா. இருபது வருடத்தில் ஊர் மாறாதா என்றார் அப்பா. அம்மா அதை நம்பினாள். நானும் நம்பினேன்.

ஏழு கிணறு

அடுத்த நாள் காலையில் கன்னியாவுக்குப் போனோம். நான் பெரிய பெரிய கிணறுகளை நினைத்துக்கொண்டு போனேன். அங்கே இருந்தவை எட்டிப் பார்த்தால் அடி தெரியும் ஏழு சதுரத் தொட்டிகள். ஒன்றில் வெதுவெதுப்பு, அடுத்ததில் சூடு, இன்னொன்றில் வாளியை விட்டு எடுத்தால் ஆவி பறந்தது. எங்கள் ஊரில் பீலித் தண்ணீர் எலும்பைக் குத்தும். தானாகவே சுட்ட தண்ணீரை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

அம்மா அக்காவை ஏழிலும் குளிக்க வைத்தாள். ஒவ்வொரு வாளிக்கும் வாய்க்குள் எதையோ வேண்டிக்கொண்டாள். எனக்கும் ஊற்றினாள். அக்கா சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் கன்னம் சிவந்து பார்க்க அழகாக இருந்தாள். "பாத்தீங்களா" என்பது போல் அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அப்பா கிணற்று மதிலில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெயில் தாழ்ந்ததும் கோணேசர் கோயிலுக்குக் கிளம்பினோம். கோட்டை வாசலைத் தாண்டியதும் புல்லில் புள்ளிமான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. ஆட்களைப் பார்த்து அவை ஓடவே இல்லை.

"மான் இருக்குன்னு நீங்க சொல்லவே இல்லியேப்பா" என்றேன்.

"அப்ப இல்ல" என்றார்.

அதற்குப் பிறகு சரிவு. அக்காவால் ஏற முடியவில்லை. தேயிலை மலையில் ஏறி இறங்கி வளர்ந்த பெண், அந்தச் சின்ன மேட்டில் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு முன்னால் போய்ப் பூக்காரியிடம் வழி கேட்டார்.

நாங்கள் அங்கே நிற்கும்போதே பின்னாலிருந்து இருமல் கேட்டது. விடாத இருமல். அப்பா என் கையை விட்டுவிட்டு ஓடினார். அக்கா குனிந்து, அம்மா கிழித்து வைத்த வேட்டித் துண்டை வாயில் அழுத்திப் பிடித்திருந்தாள். இருமல் நின்றதும் அதை மடித்து முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். அப்பா அவள் கையைப் பிடித்து முன்னால் இழுத்து, துணியை விரித்தார்.

வெள்ளைத் துணியில் சிவப்பாக, ஒரு காசளவு.

வெந்நீர்ச் சூட்டுக்கு இரத்தம் வரும், நாளைக்குக் குளித்தால் நின்றுவிடும் என்றாள் அம்மா. அவள் குரலில் அவளுக்கே நம்பிக்கை இல்லை. அப்பா துணியை மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அக்காவின் தோளைப் பிடித்து மெல்ல நடத்தினார். நேராக வெட்டுக்குத்தான் கூட்டிக்கொண்டு போனார்.

விளிம்பில்

எல்லாம் அவர் சொன்னபடியே இருந்தது. பாறை மேலிருந்து கீழ்வரை ஒரே வீச்சில் பிளந்திருந்தது. எட்டிப் பார்த்ததும் என் வயிறு எழும்பித் தொண்டைக்கு வந்தது. கீழே, ரொம்பக் கீழே, நீலத்தைக் கரைத்து ஊற்றிய தண்ணீர். அலை உள்ளே போனதும் பாறை மூச்சு விட்டது. அப்பாவின் கதையில் ஒரு சொல்லும் தப்பில்லை. ஆனால் பூக்காரியிடம் அவர் சொன்னதும் என் காதில் இருந்தது. இரண்டையும் சேர்த்துவைத்துப் புரிந்துகொள்ள எனக்குத் தெரியவில்லை.

அப்பா தானும் எட்டிப் பார்த்தார். "அவரு சொன்னது சரிதான்" என்று முணுமுணுத்தார்.

யார் சொன்னது என்று அம்மா கேட்டாள்.

அவர் அக்காவை ஒரு கல்லில் உட்கார வைத்தார். பிறகு அம்மாவின் எதிரில் வந்து நின்றார்.

"லெட்சுமி, நான் இந்த ஊருக்கு வந்ததே இல்ல. நேத்துத்தான் மொத மொத கடலப் பாத்தேன்."

அம்மா அவர் விளையாடுகிறார் என்று நினைத்திருக்க வேண்டும். சிரிக்கப் போனவள் அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"அந்த ஒன்னரை வருசமும் நான் ஆஸ்பத்திரியில கெடந்தேன். எனக்குச் சயரோகம். வெளிய தெரிஞ்சா குடும்பத்தயே ஒதுக்கிருவாங்கன்னு எங்க அண்ணன்தான் திருகோணமலையில வேலைன்னு சொல்லி வச்சாரு. பக்கத்துக் கட்டில்ல இந்த ஊருக்காரர் ஒருத்தர் இருந்தாரு. மீன் புடிக்கிறவரு. படுத்துக்கிட்டே தெனமும் இந்த எடத்தப் பத்திப் பேசுவாரு. அவரு கண்ணால பாத்ததத்தான் நான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்."

"கன்னியா தண்ணி?" என்றாள் அம்மா.

"அதுவும் அவரு சொன்ன பேருதான். என்னயச் சுகமாக்குனது ஊசி. அவரையும் ஊசிதான் சுகமாக்குச்சு. எனக்கு முந்தியே வீட்டுக்குப் போயிட்டாரு. இது தீர்ற வியாதி, லெட்சுமி. தண்ணியில தீராது. மருந்துல தீரும்."

அம்மா அப்படியே பாறையில் உட்கார்ந்தாள். கோயிலுக்கு வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். தன் அப்பாவுக்கு இது தெரியுமா என்று மட்டும் கேட்டாள். தெரியாது, அண்ணன் ஒருவருக்குத்தான் தெரியும், அவரும் இந்தியாவுக்குப் போய்விட்டார் என்றார் அப்பா. பெண் கேட்டு வந்த அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், பயந்துவிட்டேன் என்றார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

அம்மா அழவில்லை, ஏசவும் இல்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். எட்டாக மடித்த ஒரு துண்டுக் கடதாசியை எடுத்து அப்பாவிடம் நீட்டினாள்.

டிஸ்பென்சரியில் கொடுத்தது அது. உடனே நெஞ்சுப் படம் எடுக்கப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லி எழுதியிருந்தது. சிவப்பு மருந்தை மட்டும் எங்களிடம் சொன்னவள், இதை மூன்று மாதமாக முடிச்சில் வைத்திருந்தாள்.

"நீங்க மட்டுமா மறைச்சீங்க" என்றாள்.

நான் அக்காவைப் பார்த்தேன். பெரியவர்கள் இரண்டு பேரும் தன்னைப் பற்றிப் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டு அவள் அந்தக் கல்லில் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து வந்து அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"குளிச்சது போதும்மா. நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

வழி தெரிந்த இடம்

விடிந்ததும் கண்டி பஸ்ஸில் ஏறினோம். அக்காவும் அப்பாவும் முன் சீட்டில். அம்மா என்னோடு பின்னால். கண்டியிலிருந்து இன்னொரு பஸ் பிடித்து, மத்தியானம் தாண்டி, அப்பா கிடந்த நெஞ்சுநோய் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினோம். உயரமான மரங்கள், மஞ்சள் சுவர்கள், நீளமான வராந்தாக்கள். அம்மா வாசலில் தயங்கி நின்றாள்.

"எந்தப் பக்கம் போகணும்?" என்று அப்பாவிடம் கேட்டாள். முந்தின சாயங்காலத்துக்குப் பிறகு அவள் அவரிடம் பேசியது அதுதான்.

அப்பா யாரிடமும் கேட்கவில்லை. துண்டு காட்டும் ஜன்னல், படம் எடுக்கும் அறை, பெண்கள் வார்டு, தண்ணீர்க் குழாய் எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. நர்ஸம்மாவை நோனா என்று கூப்பிட்டுச் சிங்களத்தில் பேசினார். துறைமுகத்தில் கற்றுக்கொண்ட சிங்களம் என்று நாங்கள் நினைத்திருந்தது இங்கே கட்டிலில் கிடந்து கற்றுக்கொண்டது. போகும் வழியில் ஒரு வார்டு ஜன்னல் பக்கம் நின்று, உள்ளே மூன்றாவது கட்டிலைக் காட்டினார். ஒரு பையன் அதில் உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்தான்.

அம்மா அந்தக் கட்டிலை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு அப்பாவின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். அவ்வளவுதான். அவர்களுக்குள் சமாதானம் எப்போது வந்தது என்று யாராவது கேட்டால், நான் அந்த நிமிடத்தைத்தான் சொல்வேன்.

அக்காவுக்குச் சயரோகம்தான். ஒரு பக்கம் மட்டும் பிடித்திருக்கிறது, நேரத்தோடு வந்தீர்கள் என்றார் டாக்டர். எங்கள் எல்லோருக்கும் படம் எடுத்தார்கள். மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. அக்கா நாலைந்து மாதம் வார்டில் இருந்தாள். தினமும் ஊசி. அப்பாவுக்கு லீவு கிடைத்த ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் போவேன். ஒவ்வொரு தடவையும் அவள் கொஞ்சம் கனமாகி இருந்தாள். கடைசியில், இடம் பற்றவில்லை, தள்ளி உட்காரடி என்று கட்டிலில் என்னை இடித்தாள். எனக்கு அது பெரிய சந்தோஷமாக இருந்தது.

பீலியில் ஒரு காலை

லயத்தில் என்ன சொல்வது என்பது அடுத்த கேள்வி. அக்காவை உறவுக்காரர் வீட்டில் விட்டிருப்பதாகச் சொல்லலாம் என்று அம்மா நினைத்தாள். அப்பா சம்மதிக்கவில்லை. ஒரு பொய் போதும் என்றார்.

காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகுமுன் எல்லோரும் தண்ணீர் பிடிக்க நிற்கும் நேரம். அப்பா எங்கள் குடத்தோடு பீலிக்குப் போனார். குடத்தைத் தண்ணீரில் வைக்காமல் பக்கத்தில் வைத்துவிட்டு, மகளுக்குச் சயரோகம் என்று சொன்னார். தனக்கும் ஒரு காலத்தில் இருந்தது என்றார். திருகோணமலைக் கதை எங்கிருந்து வந்தது என்பதையும் சொன்னார். அம்மா காம்பரா வாசலில் முக்காடு போட்டுக்கொண்டு நின்றாள். நான் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

உடனே எல்லோரும் மனம் மாறிவிட்டார்கள் என்று எழுதினால் அது பொய். சில பேர் குடத்தை நகர்த்திக்கொண்டார்கள். இரண்டு வீட்டில் எங்களுக்குக் கைமாற்றாகச் சீனி கொடுப்பது நின்றது. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளை அடுத்த வாங்கில் போய் உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை வாசல் கொஞ்ச நாளைக்கு வெறுமையாகக் கிடந்தது.

ஆனால் ஒரு மாதத்துக்குள் கீழ் லயத்திலிருந்து ஒருவர் வந்தார். தன் மனைவிக்கும் இருமல் இருக்கிறது, அந்த ஆஸ்பத்திரியில் யாரிடம் போய்க் கேட்க வேண்டும் என்று தயங்கித் தயங்கி விசாரித்தார். அப்பா அடுத்த நாளே லீவு போட்டு அவர்களைக் கூட்டிக்கொண்டு போனார். பிறகு பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு தகப்பனும் மகனும் வந்தார்கள். அப்புறம் இன்னும் சில பேர். கதை கேட்க வந்த வாசலுக்கு வழி கேட்க ஆள் வர ஆரம்பித்தது.

அக்கா வீட்டுக்கு வந்து ஒரு வருடத்துக்கு மேல் மாத்திரை சாப்பிட்டாள். ஒருநாள்கூட விடவில்லை. கடைசிப் படத்தைப் பார்த்துவிட்டு, இனி வர வேண்டாம் என்று டாக்டர் சொன்னார்.

பெண் பார்க்க வந்தவர்கள்

அதற்குச் சில வருடங்களுக்குப் பிறகு, எண்பதுகள் பிறந்து ஒன்றிரண்டு வருடம் இருக்கும். டயகமவிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்கும் ஸ்டோரில்தான் வேலை. அவரும் அவருடைய அம்மாவும் மாமாவும் வந்திருந்தார்கள். அவ்வளவு தூரத்துக்கு எங்கள் கதை எட்டியிருக்கவில்லை. தரகரும் அதைப் பற்றி வாய் திறக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தார். அம்மாவும் அன்றைக்கு ஒருநாள் மட்டும் வாயை மூடிக்கொண்டால் என்ன என்று இருந்தாள். அப்பா தானே சொல்லிவிடுவதாகச் சொன்னார். அக்கா அவரைத் தடுத்தாள். அது தன் உடம்பு, தானே சொல்லிக்கொள்வதாகச் சொன்னாள்.

தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். கொடுத்துவிட்டு உள்ளே போகவில்லை. அங்கேயே நின்றாள்.

"எனக்குப் பதினாறு வயசுல சயரோகம் வந்துச்சுங்க. ஆஸ்பத்திரியில இருந்தேன். மருந்து முழுசாக் குடிச்சேன். இப்ப சுகமாகிருச்சுன்னு டாக்டர் எழுதிக் குடுத்திருக்காரு. தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க."

கடதாசியை மாப்பிள்ளையின் மாமாவிடம் கொடுத்தாள். அவருக்கு அதை வாங்குவதா வேண்டாமா என்று தெரியவில்லை. தரகர் எழுந்து வாசல் பக்கம் போய்விட்டார். அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். மாப்பிள்ளை கையை நீட்டி அந்தக் கடதாசியை வாங்கி, நிதானமாகப் படித்து, தன் அம்மாவிடம் சரி என்பது போல் தலையை ஆட்டினார்.

அந்த அம்மா தேத்தண்ணியை ஒரு வாய் குடித்தார். அக்காவை மேலும் கீழும் பார்த்தார். ஒருநாளும் விடாமல் மருந்து குடித்தாயா என்று கேட்டார். குடித்தேன் என்றாள் அக்கா. மறுபடியும் ஒரு வாய் குடித்தார். கோப்பையைக் காலி செய்து கீழே வைத்துவிட்டு அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"டயகமயில குளிரு இங்கத்தயவிட ஜாஸ்திங்க. புள்ளைக்கு நல்ல கம்பளியா ரெண்டு எடுத்து வைங்க."